ஐந்து டிகிரி உயரத்தில் அருந்ததி

“தம்பி, உன் குழாயில அருந்ததி தெரியுமா?” என்று ஆயா கேட்டது 2019-இல். “இந்த ஊர்ல அது தெரியாது ஆயா, நாம ரொம்பத் தெற்கே தள்ளி இருக்கோம்” என்று அன்றைக்குப் பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டேன். அது தப்பு என்று எனக்கே தெரிய நாலு வருஷம் ஆனது, சரியான பதிலை அவர் கண்ணில் காட்ட இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் மூன்று டெலஸ்கோப் இந்த முற்றத்துக்கு வந்துவிட்டன. கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன டெலஸ்கோப் வைத்து வானம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அதுவும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே உட்கார்ந்துகொண்டு வடக்கத்திப் புத்தகங்களைப் படித்துக் குழம்புகிறவர்களுக்கு, நான் பட்டது ஏதாவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். வேலைக்கு வந்தவன், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எங்கள் ஊரில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மா. வந்த புதிதில் வீட்டுக்கார அம்மாவை அப்படிக் கூப்பிட நாக்கு எழவே இல்லை, ‘ஆச்சி’ என்று சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை. இங்கே ஆயா என்றால் பாட்டி, அவ்வளவுதான். எண்பதைத் தாண்டியவர், அவருடைய தமிழ் அவர் பாட்டியிடமிருந்து வந்த தமிழ். பேரப்பிள்ளைகளோடு இங்கிலீஷ்தான். என்னோடு பேசும்போதுதான் அந்தத் தமிழ் வெளியே வருகிறது, நடுநடுவே எனக்கே தெரியாத வார்த்தைகளோடு.

அவர் கேள்வி எங்கிருந்து வந்தது என்றால், அவர் கல்யாணத்திலிருந்து. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிற சடங்கை இங்கேயும் விடாமல் செய்கிறார்கள். பகல் பதினோரு மணிக்குப் பூசாரி வெளியே கூட்டிவந்து ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டியிருக்கிறார், இவர்களும் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். அறுபது வருஷமாக ஆயாவுக்கு ஒரே சந்தேகம், அங்கே நிஜமாகவே ஏதாவது இருந்ததா என்று. நியாயமான சந்தேகம்தான். ஏனென்றால் அருந்ததிக்குத் துணையாகச் சொல்லப்படுகிற துருவ நட்சத்திரம் இந்த ஊரில் கிடையவே கிடையாது. அது வட துருவத்துக்கு நேர் மேலே நிற்பது, பூமத்திய ரேகையைத் தாண்டினால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்தது. வழியில் நடுக்கடலில் ஏதோ ஒரு ராத்திரி அந்த நட்சத்திரம் முங்கிப்போயிருக்கும். தளத்தில் படுத்திருந்தவர்களில் யாராவது கவனித்தார்களோ என்னவோ.

சரி, முதல் டெலஸ்கோப்புக்கு வருகிறேன். அதை வாங்கியது என் புத்திக்கெட்ட காரியம். 114 மில்லிமீட்டர் கண்ணாடி, பெட்டியில் அறுநூற்றுச் சொச்சம் மடங்கு பெருக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எந்த டெலஸ்கோப்பும் அதன் வாய் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருகிற அளவுக்குத்தான் தாங்கும், அதுவும் காற்று அசையாத நல்ல ராத்திரியில். அப்படியானால் 114-க்கு 228, நடைமுறையில் 150. அதற்கு மேலே போனால் பெரிதாகத் தெரியும், ஆனால் கஞ்சித் தண்ணீரில் விழுந்த மாதிரி தெரியும். இன்னொரு விஷயம், குழாயின் நீளம் அரை மீட்டர்தான், பெட்டியிலோ குவியத் தூரம் 1000 மில்லிமீட்டர் என்று இருந்தது. அப்படி இருந்தால் ஃபோகஸருக்குள்ளே இன்னொரு லென்ஸை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வகை டெலஸ்கோப்பில் கண்ணாடியை நேர்ப்படுத்துவது புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாடு. கடையில் நிற்கும்போதே குழாயின் நீளத்தையும் பெட்டியில் போட்ட எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அரை நிமிஷ வேலை.

அதைவிடக் கொடுமை அதன் தாங்கி. ஈக்வடோரியல் மவுண்ட் என்பார்கள், பூமி சுற்றுவதற்கு ஏற்றபடி ஒரே அச்சில் திரும்புவது. கூட வந்த கையேடு ‘துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கவும்’ என்று தொடங்கியது. வெருலத்தில் துருவ நட்சத்திரத்துக்கு எங்கே போவது? தெற்குத் துருவத்துக்குப் பக்கத்தில் சிக்மா ஆக்டாண்டிஸ் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் பிரகாச எண் 5.4 (எண் கூடக்கூட மங்கல்), ஊர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. போன் காம்பஸை வைத்துத் தெற்குப் பார்த்து வைத்தேன், நிலா பத்து நிமிஷத்தில் நழுவிப்போனது. ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. தமிழ்நாட்டில் காம்பஸ் ஊசி ஏறக்குறைய நேர் வடக்கையே காட்டும், இங்கே அது 25 டிகிரிக்கு மேல் மேற்கே தள்ளிக் காட்டுகிறது. போனின் அமைப்பில் ‘உண்மையான வடக்கு’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டுவிட வேண்டும். அல்லது சதர்ன் கிராஸ் என்று சிலுவை மாதிரி ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறதே, அதன் நீளமான தண்டை நாலரை மடங்கு நீட்டினால் தென் துருவம் வந்துவிடும், அதற்குக் கீழே தரையைப் பார்த்தால் அதுதான் தெற்கு. உயரத்துக்கு உங்கள் ஊர் அட்சரேகை, எங்களுக்குச் சுமார் 30 டிகிரி. அப்புறம், அந்த அச்சைத் தானே திருப்புகிற மோட்டார். அதையும் மாட்டினேன், நட்சத்திரம் முன்பைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடியது! பக்கவாட்டில் வடக்கு, தெற்கு என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, அது வடக்கிலேயே கிடந்தது. நான் அதைப் பார்த்தது மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, இன்னொருவர் டெலஸ்கோப்பில்.

அந்த இன்னொருவரைச் சந்தித்தது இங்கே இருக்கும் வானியல் கழகத்தின் டர்பன் கிளை ஆட்களோடு. 1922-இலிருந்து நடக்கிற கழகம் அது. வாங்குவதற்கு முன்பே அங்கே போயிருக்க வேண்டும், நான் வாங்கி ஏமாந்த பிறகு போனேன். ஒரே ராத்திரியில் ஆறேழு டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்ததில், எனக்கு வேண்டியது எது என்று தெளிவாகிவிட்டது.

ஆறு அங்குல டாப்சோனியன். பெரிய பெயர், உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு நீளக் குழாய், அடியில் ஒரு கண்ணாடி, மரப்பெட்டி மாதிரி ஒரு தாங்கி, அதில் மேலும் கீழும் இடமும் வலமும் கையால் தள்ளுவது. துருவமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். 2021-இல் பழையதாக ஒன்று கிடைத்தது, 150 மில்லிமீட்டர் வாய், 1200 குவியத் தூரம். கண்ணை வைக்கிற லென்ஸுக்கு ஐபீஸ் என்று பெயர், 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மில்லிமீட்டர் போட்டால் 120. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே நான் நாலு வருஷம் ஓட்டிவிட்டேன், சனிக்கு மட்டும் பிறகு ஒரு 6 மில்லிமீட்டர் வாங்கினேன். வெளியே எடுத்து வைத்து முக்கால் மணி நேரம் விடவேண்டும், கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு இறங்கும்வரை எல்லாம் கொதிக்கிற மாதிரித்தான் தெரியும். நான் சாப்பிட உட்காரும்போது அதைத் தூக்கி வைத்துவிடுவேன், கணக்குச் சரியாக இருக்கும்.

முதல் ராத்திரி நிலாவில் ஒரு வேடிக்கை. இங்கிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் நிலா நம் ஊர் நிலாவுக்குத் தலைகீழ், வடக்குப் பார்த்து நின்று பார்க்கிறோம், டைக்கோ பள்ளம் மேலே இருக்கும். இந்த வகை டெலஸ்கோப்போ எதையும் தலைகீழாகத்தான் காட்டும். ஆக, தலைகீழின் தலைகீழ், புத்தகத்தில் போட்ட படம் மாதிரியே வந்துவிடுகிறது. வடக்கே இருக்கிறவர்கள் நிலாப் படத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அல்லாடும்போது நமக்கு மட்டும் நேராக இருக்கிறது. தெற்கே வந்ததற்கு இப்படிச் சில சலுகைகளும் உண்டு.

பெரிய சலுகை குளிர்காலம். கோடையில் இங்கே வானமே கிடையாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை கடற்கரை ஈரம், மேகம், சாயங்கால இடி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, வானம் துடைத்த மாதிரி இருக்கும். அந்த மாதங்களில்தான் விருச்சிகம் உச்சிக்கு ஏறுகிறது. ஜூலை நடுவில் ராத்திரி பத்து மணிக்கு வெளியே வந்து கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்தால், பால்வீதியின் மையம் உச்சந்தலைக்கு நேர் மேலே, ஒரு டிகிரிகூடப் பிசகாது. கேட்டை ஒரு பக்கம் சிவப்பாக, மூலம் வால் நுனியில். தென்காசியில் இந்த மூலம் தெற்கே பாதி வானத்தோடு நின்றுவிடும்.

ஆனால் இதில்தான் டாப்சோனியன் காலை வாரும். குழாய் நேர் மேலே பார்க்கும்போது இடம் வலம் தள்ளினால் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளுமே தவிர நகராது. வானத்திலேயே அருமையான இடம் எதுவோ, அதற்கு நேராகத்தான் கருவியின் பொல்லாத இடமும் வருகிறது. முதல் வருஷம் பெட்டியோடு மல்லுக்கட்டி முதுகு பிடித்துக்கொண்டது. இப்போது அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுகிறேன். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னே பார்த்தால் சுகமாகக் கிழக்கே சாய்ந்து இருக்கும். உச்சியில் இருக்கும்போது நான் ஒமேகா சென்டாரியின் பக்கம் போய்விடுவேன், அது அப்போது தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும். பதினேழாயிரம் ஒளியாண்டு தூரத்தில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாக, ஐபீஸில் முழு நிலா அளவுக்கு. முதலில் வெறும் புகைதான் தெரியும். நேரே முறைக்காமல் பார்வையைக் கொஞ்சம் ஓரத்துக்கு விட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பொறுத்தால் ரவை ரவையாகப் பிரியத் தொடங்கும். பிரிந்த பிறகு அதை விட்டுவிட்டு வர மனசே வராது.

அதற்குப் பக்கத்திலேயே ஆல்ஃபா சென்டாரி. கண்ணுக்கு ஒன்று, டெலஸ்கோப்பில் இரண்டு, எண்பது வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இதன் தூரத்தை அளக்கப் பயன்பட்ட கணிப்புகளை ஹெண்டர்சன் என்ற வானியலாளர் எடுத்தது இதே நாட்டில், 1832-33-இல் கேப் டவுனில். அதன் மூன்றாவது தம்பி பிராக்ஸிமாவை இன்ஸ் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது 1915-இல் ஜோகன்னஸ்பர்க்கில். ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னால் அவர் உடனே 1970-க்குப் போய்விடுவார். அந்த வருஷம் வந்த வால் நட்சத்திரத்தை அவர் பார்த்திருக்கிறார், “துடைப்பம் மாதிரி நின்னுச்சு” என்பார். அது பென்னட் வால் நட்சத்திரம், 1969 டிசம்பர் கடைசியில் அதை முதலில் பார்த்தவர் பிரிட்டோரியாவில் இருந்த ஓர் அமெச்சூர். நம்மைப் போலக் கொல்லையில் நிற்கிற ஆள்தான்.

இனி கஷ்டங்கள். குளிர்காலம் நல்ல வானம் என்றேனே, அதுதான் கரும்பு வெட்டுகிற காலமும். வெட்டுவதற்கு முன் சோகையைக் கொளுத்துவார்கள். கொளுத்திய சாம்பல் கறுப்பு இறகுகளாகப் பறந்துவந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். முதல் ஜூலையில் ஒரு ராத்திரி மூடியைப் போடாமல் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டு வந்தால், கண்ணாடி முழுக்கக் கறுப்புப் பொட்டு. பதறிப்போய்ப் பனியன் துணியால் துடைத்தேன், இரண்டு கீறல் இன்றைக்கும் இருக்கிறது. துடைக்கவே கூடாது. கண்ணாடியைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே தன் எடையில் இழுத்துவிட்டு, திரும்ப டிஸ்டில்ட் வாட்டரில் அலசிச் சாய்த்து வைத்தால் போதும். வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம், கொஞ்சம் தூசி ஒன்றும் செய்யாது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிய பிறகு நேர்ப்படுத்துவதை மறக்காதீர்கள்.

அதற்கப்புறம் நான் வானிலைச் செயலியைவிட ஆயாவின் துணிக்கொடியைத்தான் நம்புகிறேன். எந்தப் பக்கத் தோட்டத்தில் கொளுத்தப்போகிறார்கள், காற்று எங்கே திரும்பும் என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அத்துபடி, வெள்ளைத் துணி வீணாகிவிடுமே. ஆயா கொடியிலிருந்து துணியை உருவ ஆரம்பித்தால் நான் டெலஸ்கோப்புக்கு மூடி போட்டுவிடுவேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை. மூடி என்றதும் ஞாபகம் வருகிறது, காயவைத்திருந்த ஐபீஸ் மூடி ஒன்றைக் குரங்கு எடுத்துக்கொண்டு போய் மாமரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டது. பல் தடத்தோடு இன்னும் அதைத்தான் உபயோகிக்கிறேன்.

பனி ஈரத்துக்கு, முகாமுக்குப் போகிறவர்கள் விரிக்கிற நுரைப்பாயை வெட்டிக் குழாய் வாயில் ஒரு முழத்துக்குச் சுருட்டி விட்டிருக்கிறேன், செலவு ஒன்றுமே இல்லை. உள்ளே கொண்டுபோவதற்கு முன் வெளியிலேயே மூடிவிட வேண்டும், வீட்டுக்குள் போய் நாலு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டால் பூஞ்சை வராது. ஐபீஸ்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில். டர்பன் ஈரத்தில் இதைச் செய்யாத ஒருவரின் நல்ல ஐபீஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சம் வேறு கதை. திருட்டுப் பயத்தில் இங்கே எல்லா வீட்டிலும் ஆள் அசைந்தால் எரிகிற ஃப்ளட்லைட். பக்கத்து வீட்டு விளக்கு பூனை போனால்கூட எரிந்தது. சண்டை போடாமல், அவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வியாழனின் நாலு நிலாவையும் காட்டினேன், மறுநாளே அவர் ஏணி போட்டு விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டார். ஆனால் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பாதுகாப்பு வண்டி வந்து நின்று, துப்பாக்கியோடு இரண்டு பேர் சுவருக்கு மேலே டார்ச் அடித்தார்கள். யாரோ எங்கள் முற்றத்தில் ஒருவன் ஏதோ பெரிய குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். இருவரும் சனியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அன்றிலிருந்து வெகுநேரம் நிற்கப்போகிறேன் என்றால் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒன்றை வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது, ஒரு நாளைக்கு மூன்று முறைகூடப் போனது. கடைக்காரர்கள் ஐஸ் பெட்டி உருகி அழுதுகொண்டிருந்தார்கள். நானோ லோட் ஷெடிங் அட்டவணையில் அமாவாசை ராத்திரியைத் தேடிக்கொண்டிருந்தேன். மொத்த ஊரும் அணைந்த அந்த இரண்டரை மணி நேரத்தில் முற்றத்திலிருந்து வெறும் கண்ணால் பால்வீதிக்குப் பக்கத்துக் காலக்ஸிகளான மெகல்லன் மேகம் இரண்டும் தெரிந்தன, கிழிந்த பஞ்சு மாதிரி. 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றது. ஊரே நிம்மதியானது, நானும்தான். அந்த மேகங்களை அப்புறம் இந்த முற்றத்திலிருந்து பார்க்கவில்லை.

அப்படி ஓர் இருட்டு ராத்திரியில்தான் போனில் நட்சத்திர வரைபடத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அருந்ததி கண்ணில் பட்டது. கணக்கு ரொம்பச் சுலபம். தொண்ணூறிலிருந்து நம் அட்சரேகையையும் நட்சத்திரத்தின் வடக்குச் சாய்வையும் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடுகிற வானக் கோட்டிலிருந்து அது எத்தனை டிகிரி வடக்கே என்பது) கழித்தால் அது ஏறும் உச்ச உயரம். அருந்ததியின் பக்கத்து நட்சத்திரமான வசிஷ்டருக்குச் சாய்வு 55, அருந்ததிக்கும் அதேதான், நமக்குச் சுமார் 30. மிச்சம் 5. அதாவது வடக்கு அடிவானத்துக்கு மேலே, கையை நீட்டி நடு மூன்று விரலைப் படுக்கவைத்தால் எவ்வளவோ அவ்வளவு. சப்தரிஷிகளில் ஒருவர் இங்கே எழுவதே இல்லை, மற்றவர்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தெரியாது என்று நாலு வருஷத்துக்கு முன் நான் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. வெருலத்தில் வடக்கே மேடும் வீடுமாக இருப்பதால் முற்றத்திலிருந்து வாய்ப்பில்லை. 2024 மே மாதம் உள்நாட்டில் வார்ட்பர்க் பக்கம், ஆயாவுக்குச் சொந்தக்காரர் ஒருவரின் கரும்புக்காட்டு மேட்டுக்குப் போனோம். வடக்குப் பக்கம் திறந்த வெளிதான், ஆனால் அன்று எங்கோ கொளுத்தியிருந்தார்கள். அடிவானத்தில் பத்து டிகிரிக்குப் புகை. திரும்பி வந்தோம்.

அடுத்த வருஷத்துக்குள் ஆயாவின் பேரன் ஒரு புது ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கிவிட்டான், ஸீஸ்டார் எஸ்50. 50 மில்லிமீட்டர் லென்ஸ், இரண்டரை கிலோ, ஒரு தடிமனான புத்தகம் அளவு. கீழே வைத்துப் போனில் பெயரைத் தொட்டால் தானே தேடிப் போகிறது, பத்துப் பத்து விநாடியாகப் படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. கரினா நெபுலா என்ற வாயு மேகத்தை என் ஆறு அங்குலத்தில் நான் சாம்பல் புகையாகத்தான் பார்த்திருக்கிறேன், மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. அவன் பத்து நிமிஷத்தில் சிவப்பாகக் கொண்டுவந்தான். பொறாமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. தெரு வெளிச்சத்துக்கு நடுவிலேயே இதைச் செய்கிறது என்பது இன்னும் ஆச்சரியம். ஆனால் 250 மில்லிமீட்டர் குவியத் தூரத்தில் சனியும் வியாழனும் பொட்டுதான். இதுவும் மேலும் கீழும் இடமும் வலமும் திரும்புகிற வகை, உச்சிக்கு மிக அருகே படம் வேகமாகச் சுழல்வதால் நல்ல படம் குறைகிறது, என் டாப்சோனியனுக்கு இருக்கிற அதே வியாதி. வாங்குகிறவர்கள் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: நெபுலாவும் காலக்ஸியும் படமாக வேண்டும், கூட்டமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் ஸீஸ்டார், நிலா, கிரகம், இரட்டை நட்சத்திரம், கூடவே தேடிக் கண்டுபிடிக்கிற சுகம் வேண்டும் என்றால் டாப்சோனியன். பேரனுக்கு இப்போதும் விருச்சிகத்தை விரலால் காட்டத் தெரியாது. தெரிய வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

2025 மே, அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை, மறுபடி அதே மேடு. காற்று தெற்கிலிருந்து, வடக்கு சுத்தம். வசிஷ்டர் உச்ச உயரத்துக்கு வருவது ஒன்பதே காலுக்கு, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிற நேரம். சுவாதியைப் பிடித்துக் கீழே இறங்கினால் சப்தரிஷிகளின் வால் நுனி, அங்கிருந்து இடப் பக்கம் கீழே ஏழு டிகிரி போனால் வசிஷ்டர். பைனாகுலரில் வசிஷ்டரும் அருந்ததியும் தனித்தனியாகத் தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது, குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

பேரன் அதற்குள் போனில் கொண்டுவந்து ஆயா முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் பார்த்தார். “இது டீவில பாக்கற மாதிரி இருக்கு, குழாயில காட்டு” என்றார்.

குழாயில் காட்டுவதுதான் சிக்கல். இவ்வளவு தாழ்வாகத் திருப்பினால் டாப்சோனியனின் ஐபீஸ் தரையிலிருந்து இரண்டடியில் வந்து நிற்கும், மண்டி போட்டால்தான் பார்க்கலாம். முட்டி வலிக்காரரை மண்டி போடச் சொல்ல முடியுமா? டெலஸ்கோப்பை அப்படியே பக்கியின் பின்தட்டில் ஏற்றினோம். இங்கே பிக்கப் வண்டிக்குப் பக்கி என்று பெயர், நம் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள். ஐபீஸ் சரியாக ஆயா நின்ற வாக்கில் கண்ணுக்கு வந்தது. ஆனால் குழாய் படுக்கையாக இருக்கும்போது ஐபீஸின் கனத்தில் முன்பக்கம் தலை கவிழ்கிறது, பின்முனையில் ஒரு கிலோ அரிசியைப் பையில் போட்டுக் கட்டினேன். வண்டியில் யாரும் சாயக்கூடாது, ஒரு விரல் பட்டாலும் நட்சத்திரம் குதிக்கும்.

வயதானவர்களுக்குக் காட்டும்போது எனக்குப் படிந்த வழக்கங்கள் சில. புரை எடுத்த கண்ணைத்தான் வைக்கச் சொல்வேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸை அவர்களையே திருப்பச் சொல்வேன். முதலில் வெளிச்ச வட்டம் தெரிகிறதா என்று கேட்க வேண்டும், நட்சத்திரத்தைப் பற்றி அப்புறம். பெரிய ஐபீஸ்தான், 48 மடங்கு போதும். அதில் இந்த இடம் நகர்வது மெதுவாக, ஓரத்தில் கொண்டுவந்து விட்டால் ஆறேழு நிமிஷம் வட்டத்துக்குள்ளேயே நடந்துபோகும், அவசரப்படுத்த வேண்டியதில்லை.

ஆயா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஒண்ணு பெருசு, அதை ஒட்டிக்கிட்டு ஒண்ணு, அந்தாண்ட தள்ளி ஒண்ணு. மூணு இருக்கே தம்பி?”

“தள்ளி இருக்கறதுதான் அருந்ததி ஆயா. ஒட்டிக்கிட்டு இருக்கற ரெண்டும் வசிஷ்டர். கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும், குழாயில ரெண்டு.” டெலஸ்கோப்பில் முதன்முதலாகத் தெரிந்த இரட்டை நட்சத்திரமே அதுதான், 1617-இல், என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

அவர் கண்ணை எடுத்தார். நாங்கள் நிற்கிற இடத்தைச் சுற்றிப் பார்த்தார். “இது எந்தப் பக்கம்?”

“வடக்கு.”

“பூசாரி கடல் பக்கம்ல கையக் காட்டினாரு” என்றார், மறுபடி குனிந்துகொண்டே. “தாத்தாவும் அந்தப் பக்கமே பாத்து, தெரியுது தெரியுதுன்னாரு.”